எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப்: வெடித்த விண்மீனின் ஒளியை மொட்டைமாடியிலிருந்து அளப்பது

2023 மே 19, நம் நேரப்படி இரவு 11 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு. ஜப்பானின் யமகட்டாவைச் சேர்ந்த அமெச்சூர் வானியலாளர் கொயிச்சி இதகாகி எடுத்த எம்101 கேலக்ஸியின் படத்தில், சுருள் கரம் ஒன்றின் மேல் 14.9 மேக்னிட்யூட் (வானியலில் பிரகாசத்தின் அளவு) அளவில் ஒரு புதுப் புள்ளி தெரிந்தது. எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயர் சூட்டப்பட்ட இரண்டாம் வகை சூப்பர்நோவா, அதாவது கனமான விண்மீன் ஒன்றின் இறுதி வெடிப்பு அது. இரண்டு கோடி ஒளி ஆண்டுகளுக்குச் சற்று மேலான தூரம். அடுத்த சில நாட்களில் அது 11-ஐ ஒட்டி ஏறி நின்றது. மேக்னிட்யூட் எண் குறைந்தால் ஒளி கூடும் என்பதால், 15-லிருந்து 11 என்பது ஏறக்குறைய நாற்பது மடங்கு ஏற்றம்.

இவ்வளவு பளிச்சென்று ஒன்று வெடித்தால் பெரிய தொலைநோக்கிகள் பார்த்துக்கொள்ளாதா என்று தோன்றும். பார்க்கும், ஆனால் ஒவ்வோர் இரவும் வானத்தை வாரி எடுக்கும் தானியங்கிக் கணக்கெடுப்புகள் மங்கலான பொருட்களுக்காக அமைக்கப்பட்டவை. சுமார் 12, 13 மேக்னிட்யூடுக்கு மேல் பிரகாசமானால் அவற்றின் பிக்சல்கள் நிரம்பி வழிந்துவிடும். பெரிய தொலைநோக்கிகளில் ஒவ்வொரு மணி நேரமும் முன்பதிவு. ஆக, 10-லிருந்து 14 வரையான பகுதி பெரும்பாலும் சிறு தொலைநோக்கிக்காரர்களின் வயல். 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்த விண்மீன் வெடித்துச் சுமார் 1.4 மணி நேரத்திலிருந்தே பல நிறங்களில் அதன் ஒளியைத் தொடர்ந்து காட்டியது. முதல் சில மணி நேரம் அது கோட்பாடு சொன்னதைவிட மங்கலாகவும் சிவப்பாகவும் இருந்தது. வெடிக்கும் முன்பே விண்மீனைச் சூழ்ந்திருந்த தூசிப்படலம்தான் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அந்த முதல் மணி நேரங்களுக்கான படங்கள் அமெச்சூர்களிடமிருந்து வந்தவை. எம்101 அழகான கேலக்ஸி, அன்றிரவு அதை அழகுக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட படம் அறிவியலுக்கு உதவுமா உதவாதா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கேமராவிலிருந்து வந்த கச்சாக் கோப்பு தொடப்படாமல் இருக்கிறதா, அதில் பதிந்த நேரம் நம்பத்தக்கதா. நிறத்தை இழுத்து, கான்ட்ராஸ்ட் ஏற்றி, செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கிய ஜேபெக் படத்திலிருந்து யாராலும் மேக்னிட்யூட் எடுக்க முடியாது. கச்சா ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்புகளை அழித்துவிட்டு இறுதிப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. ஹார்டு டிஸ்க் இன்று அவ்வளவு விலை இல்லை.

கருவி

200 மில்லிமீட்டர் நியூட்டோனியன் ஆடித் தொலைநோக்கியும் கறுப்பு-வெள்ளை சிமாஸ் கேமராவும், பச்சையை ஒட்டிய ஒளியை விடும் தரப்படுத்திய ஜான்சன் வி ஃபில்டரும் இருந்தால் அது சிறப்பு. ஆனால் 11, 12 மேக்னிட்யூடுக்கு அவ்வளவு தேவையில்லை. சீஸ்டார் எஸ்50 போன்ற 50 மில்லிமீட்டர் சிறு தானியங்கித் தொலைநோக்கியே போதும். அதன் 250 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் ஒரு பிக்சல் சுமார் 2.4 வில்விநாடி. பத்து விநாடிப் படங்களைப் பத்து நிமிடத்துக்குச் சேர்த்தால் 12 மேக்னிட்யூட் விண்மீனை நன்றாகவே அளக்கலாம். இரண்டு அமைப்புகளை மட்டும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். ஒளிமாசு ஃபில்டரை ஆஃப் செய்யுங்கள்.

இந்த ஃபில்டர் விஷயத்தில் சலுகையே கிடையாது. அது உண்மையில் நெபுலாக்களுக்கான இரட்டைப் பட்டை ஃபில்டர், ஆக்சிஜன் கோட்டையும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டையும் ஒட்டிய குறுகிய ஒளியை மட்டும் விடும். விண்மீன்களின் ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவிக் கிடப்பது. இரண்டாம் வகை சூப்பர்நோவாவிலோ நாளாக ஆக ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு பெரிதாக எழும். அந்த ஃபில்டர் வழியே ஒப்பிட்டால் சூப்பர்நோவா இல்லாத பிரகாசத்தைக் காட்டும், அதுவும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். பிற்பாடு எந்தக் கணக்காலும் திருத்த முடியாது. ஃபில்டரே இல்லாமல் எடுப்பதிலும் இதே சிக்கல் சற்று மிதமாக உண்டு, ஏனென்றால் சிமாஸ் சென்சார்கள் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் நன்றாகவே பார்க்கும்.

கலர் கேமரா என்றால் பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்து எடுங்கள். அவை வி ஃபில்டருக்கு மிக நெருக்கம். சிரில் மென்பொருளில் பச்சையைத் தனியே பிரிக்கும் கட்டளை இருக்கிறது. கலர் படமாக மாற்றும் வழக்கமான டிபேயர் வேண்டாம். அது பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடைவெளியை ஊகித்து நிரப்பும், அந்த ஊகம் அளவீட்டில் கலந்துவிடும்.

படம் எடுக்கும்போது

சென்னையிலிருந்து பார்த்தால் மே மூன்றாம் வாரம் எம்101 இரவு பத்தரை மணி வாக்கில் வடக்கே உச்சம் தொடும். உயரம் சுமார் 49 பாகை, காற்றடுக்கு (தலைக்கு நேர் மேலே உள்ள காற்றைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 1.3. அதற்கு மேல் அது ஏறாது. ஆகஸ்ட் கடைசியில் இரவு எட்டு மணிக்கே 26 பாகைக்கு இறங்கிவிடும், காற்றடுக்கு 2.3-ஐத் தொடும். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை நம் அட்சரேகையில் அதை மறந்துவிடலாம்; டிசம்பர் விடியற்காலையில் மறுபடி வடகிழக்கில் கிடைக்கும். ஐரோப்பாவிலும் ஜப்பானின் வடபகுதியிலும் இருப்பவர்களுக்கு எம்101 மறைவதே இல்லை, அந்த இடைவெளியை அவர்கள் நிரப்புவார்கள்.

எக்ஸ்போஷர் நேரத்தை முடிவு செய்வது சூப்பர்நோவா அல்ல, நீங்கள் பயன்படுத்தும் ஒப்பீட்டு விண்மீன்களில் (பிரகாசம் ஏற்கெனவே தெரிந்த, அளவுகோலாகும் விண்மீன்கள்) மிகப் பிரகாசமானது. 65,535 வரை எண்ணும் கோப்பில் அதன் உச்சப் பிக்சல் 45,000-ஐத் தாண்டக் கூடாது; 14 பிட் டிஎஸ்எல்ஆர் என்றால் 12,000. முழுக்க நிரம்புவதற்கு முன்பே சில சென்சார்கள் நேர்கோட்டை விட்டு விலகத் தொடங்கும். சோதிக்க விரும்பினால் ஒரே சீரான ஒளிப்பலகையை 1, 2, 4, 8 விநாடிகள் எடுத்து, ஒளியே இல்லாமலும் கேமரா சேர்க்கும் அடிப்படை எண்ணான பயாஸைக் கழித்துவிட்டு, எண்கள் சரியாக இரட்டிக்கின்றனவா என்று பாருங்கள். இரட்டிப்பு உடையும் இடம்தான் உங்கள் உண்மையான உச்சவரம்பு.

மாறொளி விண்மீன்களை அளப்பவர்கள் குவியத்தைச் சற்றே கலைத்து விண்மீனைப் பல பிக்சல்களில் பரப்புவது வழக்கம். கலர் கேமராவுக்கு அது நல்ல உத்திதான். சூப்பர்நோவாவுக்குச் செய்யாதீர்கள். பரப்பினால் அப்பர்ச்சரை, அதாவது விண்மீனின் ஒளியைக் கூட்டும் அளவீட்டு வட்டத்தை, அகட்ட வேண்டிவரும். அகட்டினால் கேலக்ஸி உள்ளே வந்துவிடும். குவியத்தைக் கூர்மையாக வைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் சில பிக்சல்கள் நகர்த்தி எடுப்பதே இங்கு சரி.

பிளாட் (சீரான ஒளியை எடுத்த திருத்தப் படம்) எடுக்காத அளவீட்டை அளவீடு என்று சொல்வதே கஷ்டம். படத்தின் ஓரம் நடுவைவிட 20 சதவீதம் மங்கல் என்று வையுங்கள், சிறிய கருவிகளில் சாதாரணமாக நடப்பதுதான். ஓரத்தில் உள்ள ஒப்பீட்டு விண்மீனால் 0.24 மேக்னிட்யூட் பிழை வந்து உட்காரும். அதுவும் நிலையான பிழை அல்ல: இன்று அந்த விண்மீன் மூலையில், நாளை நடுவில் என்றால் வரைபடம் ஆடும். டார்க்கும் (மூடி போட்டு எடுக்கும் இருட்டுப் படம்) பிளாட்டும் அதே கெயினில் (கேமராவின் பெருக்க அளவு), அதே வெப்பநிலையை ஒட்டி எடுக்க வேண்டும். குளிரூட்டி இல்லாத கேமராவை மே மாதச் சென்னை இரவில் வைத்தால் சூட்டுப் பிக்சல்கள் பொரிந்து கிடக்கும், டிசம்பர் டார்க் அதற்கு உதவாது.

ஃபிரேம்களை அடுக்கும்போது, சராசரியிலிருந்து விலகும் பிக்சல்களை ஒதுக்கும் சிக்மா நிராகரிப்பை மிக இறுக்கமாக வைத்தால் விண்மீனின் நடுப்பிக்சல்களையே அது வெட்டிவிடும். காற்றசைவு மாறும் இரவில் சில ஃபிரேம்களில் விண்மீன் கூர்மையாக இருக்கும், மென்பொருள் அந்தக் கூர்மையை இரைச்சல் என்று எண்ணிக்கொள்ளும். வெட்டு பிரகாசமான விண்மீன்களில்தான் அதிகம் விழும். சாதாரணச் சராசரி போதும். டிரிசில் (படத்தைச் சிறு பிக்சல்களாகப் பெருக்கி அடுக்குவது), கூர்மையாக்கல், பின்னணிச் சாய்வு நீக்கம் எதுவும் வேண்டாம்.

ஒப்பீட்டு விண்மீன்கள்

ஏஏவிஎஸ்ஓ (மாறொளி விண்மீன் பார்வையாளர்களின் அமெரிக்கச் சங்கம்) அமைப்பின் இணையதளத்தில் சூப்பர்நோவாவின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பகுதியின் வரைபடம் கிடைக்கும். அதில் 128 என்று எழுதியிருந்தால் 12.8 என்று படிக்க வேண்டும். புள்ளியை விண்மீன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே புள்ளி வைப்பதில்லை. அட்டவணையில் வி மதிப்பும் பி–வி நிறக்குறியீடும் (நீல, வி மேக்னிட்யூடுகளின் வித்தியாசம்; கூடினால் சிவப்பு) இருக்கும். 1911-லிருந்து மாறொளி அளவீடுகளைச் சேர்த்துவரும் அமைப்பு இது. வரைபடத்தின் அடையாள எண்ணை அளவீட்டோடு அனுப்பச் சொல்வார்கள், எந்த ஒப்பீட்டு மதிப்பிலிருந்து உங்கள் எண் வந்தது என்பது பிற்பாடு தெரிய வேண்டுமே.

நான்கைந்து விண்மீன்களைத் தேர்ந்தெடுங்கள், சூப்பர்நோவாவின் பிரகாசத்துக்கு ஒன்றிரண்டு மேக்னிட்யூடுக்குள். ஒன்றைத் தனியே சோதனை விண்மீனாக ஒதுக்கி வையுங்கள். அதை அளவுகோலில் சேர்க்காமல், தெரியாத விண்மீன் போலவே அளக்க வேண்டும். இரவுக்கு இரவு அது 0.02-க்குள் நின்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். 0.08 ஆடினால் அன்றைய சூப்பர்நோவா எண்ணும் அவ்வளவு ஆடியிருக்கும். மெல்லிய மேகத் துண்டோ லென்ஸில் பனியோ காரணமாக இருக்கலாம். முழு வானத்தையும் சீராக மூடிய மெல்லிய மேகம் பெரிதாகக் கெடுக்காது, ஒப்பீட்டு விண்மீனும் அதே அளவு மங்குவதால். துண்டு மேகம்தான் கெடுக்கும்.

கணக்கு எளிது. சூப்பர்நோவாவின் அப்பர்ச்சரில் பின்னணி போக 48,200 எண்ணிக்கை, வி 12.10 விண்மீனுக்கு 1,21,500 எண்ணிக்கை என்று வையுங்கள். விகிதம் 0.3967, அதன் பத்தடி மடக்கை −0.4015, அதை −2.5-ஆல் பெருக்கினால் 1.00. ஆக 12.10 + 1.00 = 13.10. அஸ்ட்ரோஇமேஜ்ஜே, அஸ்டாப் போன்ற மென்பொருட்கள் எல்லாம் இதைத்தான் உள்ளே செய்கின்றன. பிழை அளவு, 1.09-ஐச் சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தால் வகுத்தால் வரும்: விகிதம் 50 என்றால் 0.02. ஆனால் இது ஒளித்துகள் எண்ணிக்கையின் பிழை மட்டும். மென்பொருள் 0.005 என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். சோதனை விண்மீனின் ஆட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால் அந்த ஆட்டத்தையே பிழையாகப் போடுவதுதான் நேர்மை.

கேலக்ஸி உள்ளே நுழையும் இடம்

தனியே நிற்கும் மாறொளி விண்மீனுக்கும் சூப்பர்நோவாவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். 2023ஐஎக்ஸ்எஃப் வெடித்தது என்ஜிசி 5461 என்ற பிரகாசமான ஹைட்ரஜன் மேகக்கூட்டத்தின் அருகே, சுருள் கரத்தின் மேல். அப்பர்ச்சருக்குள் விழும் ஒளியில் ஒரு பங்கு கேலக்ஸியுடையது. பின்னணியை அளக்கும் வளையத்தின் ஒரு பக்கம் கரத்திலும் மறுபக்கம் இருண்ட இடைவெளியிலும் விழும். வளையத்தின் சராசரியைக் கழித்தால், சூப்பர்நோவாவின் அடியில் உண்மையில் இருந்த ஒளி அதுவல்ல.

இதன் விளைவு தொடக்கத்தில் தெரியாது, அதுதான் வம்பு. சரியாகக் கழியாத கேலக்ஸி ஒளி 16 மேக்னிட்யூட் அளவுக்கு அப்பர்ச்சரில் எஞ்சுகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சூப்பர்நோவா 12-இல் இருக்கும்போது நீங்கள் அளப்பது 11.97, யாரும் கவலைப்பட மாட்டார்கள். அது 15-க்கு இறங்கும்போது உங்கள் எண் 14.64. 16-க்கு இறங்கும்போது 15.25. உண்மையில் நான்கு மேக்னிட்யூட் விழுந்தது, உங்கள் வரைபடத்தில் மூன்றேகால்தான் விழுந்திருக்கும். வரைபடத்தின் வால் அழகாகத் தட்டையாகி நிற்கும். அதைப் பார்த்து ‘வெடிப்பைச் சுற்றியுள்ள வாயுவில் மோதி மறுபடி ஒளிர்கிறது’ என்று கதை கட்டுவது எளிது, அளந்தது கேலக்ஸியைத்தான்.

தற்காலிக மருந்து, சிறிய அப்பர்ச்சர். விண்மீனின் பாதி உயர அகலம் (ஒளி உச்சத்தில் பாதியாகும் இடத்தில் அதன் அகலம்) 4 பிக்சல் என்றால் ஆரம் 5 அல்லது 6 பிக்சல். வளையத்தில் சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பு. மங்குகிறதே என்று பாதியில் ஆரத்தை மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் பழைய படங்கள் அனைத்தையும் புது ஆரத்தில் மறுபடி அளக்க வேண்டும். நிரந்தர மருந்து, சூப்பர்நோவா இல்லாத அதே இடத்தின் படத்தை எடுத்துக் கழிப்பது. அதே தொலைநோக்கி, அதே ஃபில்டர், இயன்றால் அதே கேமரா. பொதுக் கணக்கெடுப்புப் படங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றின் ஃபில்டர் வேறு, கூர்மை வேறு. கழித்த இடத்தில் மேடும் பள்ளமுமாக வளையங்கள் மிஞ்சும்.

நிறம்

புதிதாக வெடித்த இரண்டாம் வகை சூப்பர்நோவா கொதிக்கும் நீலம், பி–வி பூஜ்யத்தை ஒட்டி. ஒப்பீட்டு விண்மீன்கள் பெரும்பாலும் சூரியனைப் போல 0.6, 0.7. உங்கள் கேமராவின் பச்சைக்கும் உண்மையான வி-க்கும் நிறக்குணகம் (பி–வி ஒன்று மாறினால் வரும் வேறுபாடு) 0.05 என்றால், இந்த நிற இடைவெளியால் 0.03 பிழை. சின்னதுதான். ஆனால் வாரங்கள் செல்ல சூப்பர்நோவா குளிர்ந்து சிவந்து பி–வி 1-ஐத் தாண்டும்போது பிழையின் குறி மாறிவிடும். இல்லாத சரிவு ஒன்று வரைபடத்தில் நுழையும். எம்67 போன்ற தரப்படுத்திய விண்மீன் கொத்தை ஒருமுறை படமெடுத்து உங்கள் குணகத்தைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். சூப்பர்நோவாவின் நிறமாலை சாதாரண விண்மீனைப் போல இல்லாததால் திருத்தம் முழுமையாகாது. தொழில்முறை ஆய்வாளர்கள் நிறமாலையை வைத்துத் தனியாகச் சரிசெய்வார்கள். திருத்தாமல் அனுப்பினாலும் குற்றமில்லை, திருத்தவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். அனுப்பும்போது கலர் கேமராவின் பச்சையை ‘டிஜி’ (TG) என்று குறிக்க வேண்டும், ‘வி’ என்று அல்ல. இந்தக் குறியை மாற்றிப் போடுவது வரைபடங்களில் சிதறலைக் கூட்டும்.

நேரமும் அனுப்புவதும்

முதல் நாளில் ஒளி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மாறிய பொருள் இது. கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு பொருத்துங்கள். கோப்பில் பதிந்திருப்பது உலக நேரமா இந்திய நேரமா என்று பாருங்கள். ஐந்தரை மணி நேரத் தவறு அடிக்கடி நடக்கும். அடுக்கிய படத்தில் பல மென்பொருட்கள் முதல் ஃபிரேமின் தொடக்க நேரத்தை மட்டும் எழுதும், தேவைப்படுவதோ மொத்த எக்ஸ்போஷரின் நடுநேரம். அனுப்ப வேண்டியது ஜூலியன் நாள்: 2023 மே 20 இரவு 9:30 என்பது உலக நேரம் 16:00, அதாவது 2460085.1667. ஜூலியன் நாள் உலக நேரம் நண்பகலில் மாறுவதால் நமக்கு மாலை 5:30-க்கு மாறும். ஓர் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணில் அடங்கிவிடும், நமக்கு வசதிதான்.

ஏஏவிஎஸ்ஓ-வில் இலவசமாகப் பதிந்து பார்வையாளர் குறியீடு வாங்கலாம். ஒவ்வொரு வரியிலும் பெயர், ஜூலியன் நாள், மேக்னிட்யூட், பிழை, ஃபில்டர், நிறத்திருத்தம் உண்டா இல்லையா, ஒப்பீட்டு விண்மீன், சோதனை விண்மீன், காற்றடுக்கு, வரைபட எண். ஒப்பீட்டு, சோதனை விண்மீன்களின் கருவி மேக்னிட்யூடையும் (தரப்படுத்தாமல் உங்கள் எண்ணிக்கையிலிருந்து நேரே வரும் மதிப்பு) சேர்த்து அனுப்பினால், பிற்பாடு ஒப்பீட்டு மதிப்பு திருத்தப்பட்டாலும் உங்கள் எண்ணை மறுபடி கணக்கிட முடியும். எதுவும் தெரியாத படமும் பயன்தான்: 16.5 வரை தெரியும் படத்தில் ஒன்றும் இல்லை என்றால் அதையும் ‘16.5-க்கு மங்கல்’ என்று அனுப்பலாம். வெடித்த நேரத்தைக் குறுக்குவது இத்தகைய இல்லைகள்தான். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் புசோ 2016 செப்டம்பரில் என்ஜிசி 613-ஐத் தொடர்ந்து எடுத்த குறுகிய எக்ஸ்போஷர்களில் எஸ்என் 2016ஜிகேஜி முளைத்தது. முதல் படங்களில் அந்த இடம் வெறுமையாக இருந்ததால்தான் பிந்தைய படங்களுக்கு அவ்வளவு மதிப்பு.

எத்தனை நாளுக்கொருமுறை அளப்பது என்பது வகையைப் பொறுத்தது. 2011-இல் இதே எம்101-இல் வெடித்த எஸ்என் 2011எஃப்இ ஒன்று-ஏ வகை, அதாவது வெண்குள்ள விண்மீன் வெடிக்கும் வகை. 10-ஐ ஒட்டி உச்சம் தொட்டது. அந்த வகை நீல ஒளியில் உச்சத்துக்குப் பின் 15 நாளில் சுமார் 1.1 மேக்னிட்யூட் விழும், விழும் வேகமே அதன் உண்மைப் பிரகாசத்தைச் சொல்லும், ஆகவே தினமும் வேண்டும். 2023ஐஎக்ஸ்எஃப் ஏறக்குறைய ஐந்து நாளில் உச்சம் தொட்டு, பிறகு மெதுவாகத்தான் இறங்கியது. அந்தக் கட்டத்தில் மூன்று நாளுக்கொருமுறை போதும். எண்பது நாளை ஒட்டிச் சட்டென்று சரிந்தது. அந்தச் சரிவில் மறுபடி தினமும். அதற்குப் பின் கதிரியக்கக் கோபால்ட்-56 சிதையும் ஒளி. அரைவாழ்வு 77 நாள், ஆற்றல் முழுவதும் உள்ளேயே அடைபட்டால் நூறு நாளுக்கு 0.98 மேக்னிட்யூட் இறக்கம். அதைவிட வேகமாக விழுந்தால் காமா கதிர்கள் வெளியே தப்புகின்றன என்று பொருள். கேலக்ஸி ஒளியைக் கழிக்காதவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

ஆகவே ஒன்றிரண்டு ஆண்டு கழித்து, சூப்பர்நோவா உங்கள் கருவியின் எல்லைக்குக் கீழே போனதும், அதே அமைப்பை மாட்டி அந்த இடத்தை மறுபடி எடுங்கள். நிலவில்லாத இரவு, உச்சத்தை ஒட்டிய நேரம், வழக்கமான மொத்த எக்ஸ்போஷரைப் போல மூன்று நான்கு மடங்கு. கேமராவை விற்கும் எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு விற்கலாம்.